குருவிகள் போன பிறகு

எண்பதுகளில் பர்மா பஜாரில் வாக்மேன் வாங்கியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. கடைக்காரர் உறையைக் கிழித்து, இரண்டு பேட்டரியைப் போட்டு, கேசட்டைச் செருகி, ஹெட்ஃபோனை நம் காதில் மாட்டிவிடுவார். பாட்டு ஓடும். ‘நல்லாக் கேட்டுக்குங்க சார். கடையை விட்டு இறங்கிட்டீங்கன்னா நான் பொறுப்பில்லை.’ இதைவிடச் சுருக்கமான விற்பனை ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது. ஆனால் பொருள் கையில் இருந்தது. அது ஓடியதை நம் காதால் கேட்டிருந்தோம். மறுவாரம் போனாலும் அந்த மனிதர் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார்.

பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969இல் தமிழக அரசு ஏற்படுத்திக் கொடுத்த கடைகள் அவை. அங்கே விற்ற வெளிநாட்டுச் சாமான் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். கப்பலில் வந்தது கொஞ்சம், விமானத்தில் குருவிகள் கொண்டுவந்தது மிச்சம். டிக்கெட்டும் கைச்செலவுக்குக் காசும் கொடுத்து சிங்கப்பூருக்கோ கொழும்புக்கோ அனுப்பிவைக்கப்படும் ஆளுக்குத்தான் குருவி என்று பெயர். போகும்போது கைவீசிப் போவார், வரும்போது பெட்டி நிறைய வருவார். குருவியின் டிக்கெட், கூலி, சுங்கத்தில் பிடிபட்டுப் போகிற சரக்கின் நட்டம், வழியில் கைமாறிய பணம் எல்லாம் சேர்ந்ததுதான் பஜார் விலை. அந்த விலையைக் கொடுத்ததோடு வாங்குகிறவருக்கு எல்லாம் முடிந்தது. சட்டம் தேடினால் குருவியைத் தேடும், கடைக்காரரைத் தேடும். வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவரைத் தேடாது.

இன்று ஷென்ஜென்னில் இருக்கும் விற்பனையாளரிடமிருந்து மதுரையில் இருப்பவர் ஃபோனிலேயே பொருள் வாங்கிவிடலாம். நடுவில் இருந்த அத்தனை பேரும் கழன்றுகொண்டார்கள் என்பதால்தான் விலை குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். கழன்றவர்கள் சுமந்துகொண்டிருந்த சுமை என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எனக்கு அது ஒரு பேனாவின் மூலம் புரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த பழைய மைப்பேனா ஒன்றை வாங்கினேன். நம் பணத்தில் 5,000 ரூபாய், அனுப்பும் செலவு 1,000. ஒன்பதாம் நாள் கூரியர் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆதார் நகலைப் பதிவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் பார்சல் நகராது. இணைத்திருந்த சுங்கப் படிவத்தில் ‘இறக்குமதியாளர்’ என்ற கட்டத்துக்கு நேரே என் பெயர். முதலில் ஏதோ பெரிய மனிதன் ஆகிவிட்டதுபோல் ஒரு சின்னப் பெருமிதம்கூட வந்தது. அடுத்த வரியில் வரித்தொகை இருந்தது.

அந்தக் கட்டம் வெறும் சம்பிரதாயம் என்று அப்போது நினைத்தேன். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் இறக்குமதியாளர் என்ற சொல்லுக்கு இருக்கும் விளக்கம், பொருளின் உரிமையாளரையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமானது. தொழிலுக்காக இறக்குமதி செய்கிறவருக்குத் தனிக் குறியீட்டு எண் தேவை. சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு அது தேவையில்லை. சலுகை அதோடு சரி. பொருளின் மதிப்பு சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, அது நாட்டுக்குள் வரலாமா, வரி கட்டியாயிற்றா என்ற கேள்விகளுக்குக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிற வியாபாரி எந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டுமோ, அதே நாற்காலியில்தான் ஒற்றைப் பேனா வாங்கியவரும் உட்கார வேண்டும். வித்தியாசம், வியாபாரிக்கு முகவர் உண்டு, கணக்காளர் உண்டு, வக்கீல் உண்டு.

வரிக் கணக்கு இப்படி. சொந்த உபயோகத்துக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருட்களுக்குத் தனியாக ஒரு தலைப்பு உண்டு. பேனாவோ செருப்போ, எதுவானாலும் பொதுவாக ஒரே விகிதம். அப்போது அடிப்படைச் சுங்க வரி 35 விழுக்காடு. பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்து. ஆகவே 6,000 ரூபாய்க்கு 2,100. அந்த வரியின் மேல் 10 விழுக்காடு சமூகநல கூடுதல் வரி, 210. இவை மூன்றையும் கூட்டினால் வரும் 8,310 ரூபாய்க்கு 28 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி, 2,326 ரூபாய் 80 காசு. ஆக வரி மட்டும் 4,636 ரூபாய் 80 காசு. நூற்றுக்கு 77.28. வரிக்கும் வரி போட்டால் இப்படித்தான் வரும். இதற்கு மேல் கூரியர்காரர் நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குச் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி. 5,000 ரூபாய்ப் பேனா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 11,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

அந்த விகிதம் இன்று இல்லை. 2026-27 மத்திய பட்ஜெட்டில், இத்தகைய பொருட்களுக்கான தீர்வை விகிதம், இடையில் இறங்கியிருந்த 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்படும் என்று அறிவித்தார்கள். குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதே வாங்குகிறவருக்கு ஒரு செலவு. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது தெரியாத ஒரு தொகை, பணம் போன பிறகு, பொருள் நாட்டுக்குள் வந்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல முடியாத கட்டத்தில் தெரியவருகிறது.

இந்த வரியைத் தாண்டிப்போக ஒரு கதவு வெகுநாள் திறந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் பரிசுக்கு 5,000 ரூபாய் வரை வரி இல்லை என்ற விதி. துபாய் அண்ணன் தங்கைக்கு அனுப்பும் வாசனைத் திரவியத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2018, 2019 வாக்கில் சீனச் செயலிகளின் சட்டைகளும் காதணிகளும் இந்தக் கதவு வழியாக ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கின. ஒவ்வொரு உறையின் மேலும் ‘பரிசு’. முன்பின் தெரியாத குவாங்சோ கிடங்கு ஒன்று நம் ஊர்க் கல்லூரிப் பெண்களுக்கு இத்தனை பாசத்தோடு பரிசனுப்புவதைச் சுங்கத் துறை சந்தேகித்ததில் தவறில்லை. 2019 டிசம்பர் 12ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அந்தக் கதவைச் சாத்தியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் ஒரு சன்னலை விட்டுவைத்தது. ஆறு மாதத்தில், 2020 ஜூன் 29 அன்று, தடைசெய்யப்பட்ட 59 செயலிகளின் பட்டியலில் ஷீயினும் கிளப் ஃபேக்டரியும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ். காரணம் எல்லைத் தகராறு, தேசப் பாதுகாப்பு. ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவருக்கோ, புகார் சொல்ல வேண்டிய செயலியே ஃபோனில் திறக்கவில்லை.

பரிசு என்று பொய் எழுதுவதும், விலையைக் குறைத்து எழுதுவதும் இன்றும் நடக்கிறது. ‘பத்து டாலர் என்று போட்டுவிடட்டுமா?’ என்று சில விற்பனையாளர்கள் உதவி செய்கிற தோரணையில் கேட்பார்கள். பொய்யை எழுதுவது அவர், படிவத்தில் பெயர் நம்முடையது. அதிகாரி அந்த மதிப்பை ஏற்க மறுத்தால் வித்தியாசத்தையும் அபராதத்தையும் கட்ட வேண்டியது நாம். பார்சல் வழியில் தொலைந்தால் இழப்பீடு கேட்கவும் அந்தப் பத்து டாலர்தான் நம்மிடம் இருக்கும் ஆதாரம். ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீட்டில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் சிறு பார்சல்களில் 65 விழுக்காடு வரை விலை குறைத்துக் காட்டப்பட்டவை. அப்படியானால் அது சில போக்கிரிகளின் வேலையாக இருக்க முடியாது, தொழிலின் வழக்கமே அதுதான்.

கடல் கடந்து வரும் ஒரு சின்னப் பொட்டலத்துக்கு அனுப்பும் செலவு எப்படிச் சில ரூபாயில் முடிந்தது என்ற புதிருக்கு விடை 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1874இல் பெர்ன் நகரில் உலக நாடுகள் கூடி அஞ்சல் ஒன்றியம் அமைத்தபோது, ஒரு நாட்டின் கடிதத்தை மற்ற நாடு காசு வாங்காமல் பட்டுவாடா செய்வது என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்பது அவர்களின் எண்ணம். அழகான எண்ணம். ஆனால் சில நாடுகள் வாங்குவதைவிட அதிகம் அனுப்பின. ஆகவே 1969 டோக்கியோ மாநாட்டில், கடைசிப் பட்டுவாடாவுக்கு அனுப்பும் நாடு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. வளரும் நாடுகளுக்கு அந்தத் தொகை குறைவு. இரண்டு கிலோ வரையிலான சிறு பொட்டலமும் அஞ்சல் கணக்கில் கடிதத்தோடுதான் சேரும். சீனா அந்தச் சலுகைப் பட்டியலில் இருந்துகொண்டே உலகத்தின் தொழிற்சாலை ஆனது. ஃபோன் உறை பதில் கடிதம் எழுதாதே! வாங்கும் நாட்டின் அஞ்சல் துறை, உள்ளூர்க் கடைக்காரரிடம் முழுக்கட்டணம் வசூலித்துக்கொண்டு, அவருக்குப் போட்டியாக வந்த சரக்கைச் சலுகை விலையில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018 அக்டோபரில் அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகுவதாக நோட்டீஸ் கொடுத்தது. 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் அவசர மாநாடு கூட்டி, 2020 ஜூலை முதல் அமெரிக்கா தன் கட்டணத்தைத் தானே அறிவித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தார்கள். டிரம்பின் வணிகக் கொள்கைகளில் பலவற்றை நான் ஏற்பதில்லை. இந்த ஒரு புகாரில் நியாயம் இருந்தது.

வரியிலும் இதே கதை. 2016இல் அமெரிக்கா, 200 டாலர் வரை வரியில்லை என்று இருந்த வரம்பை 800 ஆக உயர்த்தியது. இவ்வளவு சின்னத் தொகைக்கு வரி வசூலிக்க ஆகும் செலவு, கிடைக்கும் வரியைவிட அதிகம் என்பது வாதம். அப்போது ஆண்டுக்கு 14 கோடியை ஒட்டி வந்துகொண்டிருந்த பார்சல்கள் 2024 நிதியாண்டில் 136 கோடி ஆயின. சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் 2025 மே 2இலும், மற்ற எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29இலும் அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. அப்போது எழுந்த கேள்வி வேடிக்கையானது: வரி இனி உண்டு, சரி, யார் வசூலித்து யாரிடம் கட்டுவது? விமான நிறுவனங்கள் கையை விரித்தன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை வாங்குவதை நிறுத்தியது. மகளுக்குப் பருப்புப்பொடியும் அப்பளமும் அனுப்ப வந்த அம்மாக்கள் அஞ்சலகத்திலிருந்து பொட்டலத்தோடு திரும்பினார்கள். வரியை இங்கேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15இல்தான் சேவை மறுபடி தொடங்கியது. ஐந்து ஷர்ட்டுக்கு ஆசைப்பட்ட அமெரிக்கரின் கணக்கு அப்பளத்தில் வந்து விடிந்தது.

ஐரோப்பாவில் 22 யூரோவரை இருந்த மதிப்புக்கூட்டு வரிவிலக்கு 2021 ஜூலை 1இல் போனது. 150 யூரோவரை இருந்த சுங்க விலக்கும் இனி நீடிக்காது. 2024இல் மட்டும் அப்படி வந்த சிறு பார்சல்கள் 460 கோடி, நாளொன்றுக்கு 1.2 கோடி, அவற்றில் 91 விழுக்காடு சீனாவிலிருந்து. 2026 ஜூலை முதல் பொருளுக்கு 3 யூரோ வசூலிப்பதாக உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் செய்தது. 2018 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவும், 2023 சனவரி முதல் சிங்கப்பூரும், சிறு மதிப்புப் பொருட்களுக்கான ஜிஎஸ்டியை விற்கும் தளமே விலையோடு வாங்கிக் கட்ட வேண்டும் என்று வைத்துவிட்டன. சிராங்கூன் சாலையில் இருப்பவர் இணையத்தில் பார்க்கும் விலை, வரி சேர்ந்த விலை. என் பேனாவைப்போல ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் அவருக்கு வராது.

பணம் கட்டும் இடத்திலும் கண்ணில் படாத சில்லறைகள் உண்டு. கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணி மாற்றத்துக்குப் பல வங்கிகள் 3.5 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கின்றன, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?’ என்று தளம் அன்பாகக் கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது; அந்த மாற்று விகிதத்தை வைப்பவர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவர் அல்லர். இவை சில நூறு ரூபாய் விஷயங்கள். பெரிய ஆபத்து ஓடிபியில் இருக்கிறது. 2009 முதல் உள்நாட்டு இணையப் பரிமாற்றங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருப்பதால், ஓடிபி வராமல் பணம் போகாது என்று நமக்குப் பழகிவிட்டது. வெளிநாட்டுத் தளத்தில் கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். இதனால்தான் 2020இல் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை மூடியே கொடுக்கச் சொன்னார்கள். நாம் ஒரு செருப்புக்காகத் திறக்கிறோம், மூட மறந்துபோகிறோம். 2026 அக்டோபர் முதல், வெளிநாட்டு வணிகர் கேட்டால் கூடுதல் சரிபார்ப்புச் செய்யும் வசதியை வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்பது புதிய விதி. வணிகர் கேட்டால், என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் செய்யாத பரிமாற்றம் என்றால் மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. மூன்றாம் ஆளின் மோசடியென்றால் அதற்குள் சொன்னவருக்கு நட்டம் கிடையாது.

தூரம் மறதியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 2020 ஜூலையில் அமெரிக்காவெங்கும் வீடுகளுக்குச் சீன முத்திரையோடு விதைப் பொட்டலங்கள் வரத் தொடங்கின. ‘நாங்கள் கேட்கவே இல்லை’ என்றார்கள் மக்கள். உயிரியல் போர் என்ற வதந்தி கிளம்பியது. வேளாண் துறை பரிசோதித்தபோது கடுகு, முட்டைக்கோசு, புதினா, செம்பருத்தி, ரோஜா என்று சாதாரண விதைகள். போலி விமர்சனம் எழுதுவதற்காகக் கண்ட முகவரிக்கும் வெறும் பொட்டலம் அனுப்பும் விற்பனைத் தந்திரம் என்று துறை கருதியது. இந்திய வேளாண் அமைச்சகமும் அந்த ஆகஸ்டில் மாநிலங்களை எச்சரித்தது. மறு ஆண்டு அட்லாண்டிக் இதழ் துருவிப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது: பொட்டலம் பெற்றவர்களில் பலர் ஊரடங்கில் வீட்டுத் தோட்டம் போடும் ஆர்வத்தில் தாங்களே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பொருள் வர மாதங்கள் ஆனதில் மறந்துபோயிருந்தார்கள். அமெரிக்க விற்பனையாளரிடம் வாங்குவதாக நினைத்திருந்ததால் சீன முத்திரை அவர்களைக் குழப்பியது.

நான் சிரித்துக்கொண்டே படித்த செய்தி அது. ஆனால் விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும் என்று நம் நாட்டிலும் 2003 முதல் உத்தரவு இருக்கிறது. மாடித் தோட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ட்ரோன் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் தடை. வாக்கிடாக்கிக்கு அலைவரிசை உரிமம், பொம்மைக்கு 2021 முதல் இந்தியத் தர நிர்ணய முத்திரை என்று பட்டியல் நீளும். வெளிநாட்டுத் தளம் இவற்றை எந்தத் தயக்கமும் இல்லாமல் கூடையில் போட விடும். அதன் ஊரில் அது சட்டப்படிச் சரியான விற்பனை. மகன் பிறந்தநாளுக்குக் குட்டி ட்ரோன் வரவழைத்த அப்பா, தன்னை அறியாமல் தடைசெய்யப்பட்ட பொருளின் இறக்குமதியாளர் ஆகியிருப்பார். ஒருகாலத்தில் குருவிக்கு இருந்த பதற்றம் இப்போது அவருக்கு. இந்தப் பதற்றத்தை வைத்து ஒரு தனித் திருட்டுத் தொழிலே வளர்ந்திருக்கிறது. ‘உங்கள் பெயரில் வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, உள்ளே போதைப்பொருள்’ என்று தொடங்கும் அந்த ஃபோன் அழைப்புகளும், அவை கொண்டுபோய்ச் சேர்க்கும் ‘டிஜிட்டல் கைதும்’ 2024 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரைவரைக்கும் போயின. உண்மையிலேயே ஏதோ ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த அழைப்பை நம்பாமல் என்ன செய்வார்?

பொருளின் தரத்துக்கு வருவோம். 2016இல் பிரிட்டனின் வணிகத் தர அதிகாரிகள், பல நாட்டு விற்பனையாளர்களிடம் இணையத்தில் வாங்கிய 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் அளவுக்குக் காப்பு இருந்தவை மூன்று. 2018இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் இணையத் தளங்களில் 47 பொருட்களை வாங்கிப் பார்த்ததில் 20 போலி. பிரித்துப் பார்த்தால் சுவையாக இருக்கிறது: காலணி 15உம் அசல். அழகுசாதனம் 13, அத்தனையும் போலி. முகத்தில் பூசுவதைவிடக் காலில் போடுவதில் நாணயம் அதிகம் போலும். 2024இல் சியோல் நகராட்சி நடத்திய சோதனையில் ஷீயினில் வாங்கிய குழந்தைக் காலணி ஒன்றில் தாலேட் என்னும் நெகிழி மென்மையாக்கி அனுமதித்த அளவைப்போல 428 மடங்கு இருந்தது. நம் ஊர்க் கடையிலும் போலி உண்டு, நச்சு உண்டு. மறுக்கவில்லை. அங்கே ஒரு கடை இருக்கிறது, சீல் வைக்க ஒரு கதவு இருக்கிறது.

கதவு இல்லாத கடையை என்ன செய்வது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்த்தால் இது விளங்கும். பென்சில்வேனியாவில் ஒரு பெண் அமேசானில் வாங்கிய நாய்ப்பட்டை தெறித்து, ஒரு கண்ணில் பார்வை போனது. விற்றவரை அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, அமேசானாலும் முடியவில்லை. அமேசானையே விற்பனையாளராகக் கொள்ளலாம் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. அந்தத் தீர்ப்பு மறுவிசாரணைக்குப் போய், கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கலிபோர்னியாவில் மடிக்கணினிக்கு வாங்கிய மாற்று பேட்டரி வெடித்து இன்னொரு பெண் தீக்காயம் பட்டார். ஹாங்காங் விற்பனையாளர் நீதிமன்றப் பக்கமே வரவில்லை. 2020இல் அங்கேயும் தளமே பொறுப்பு என்று தீர்ப்பு. டெக்சஸில் ஒரு கைக்குழந்தை ரிமோட்டின் பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டது. விற்றது ‘அமெரிக்கா’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய ஒரு சீனக் கணக்கு. 2021இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், பொருளின் உரிமை ஒருபோதும் அமேசானிடம் இருந்ததில்லை, எனவே அது விற்பனையாளர் இல்லை என்று முடிவு செய்தது. ஒரே கேள்விக்கு மாநிலத்துக்கு ஒரு பதில். 2024 ஜூலையில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அமேசான் தன் கிடங்கிலிருந்து அனுப்பிய 4 லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்களுக்கு அதுவே விநியோகஸ்தர் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 13 முதல் ஐரோப்பாவில், விற்கப்படும் பொருளுக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள் ஒரு முகவரியோடு ஒருவர் இருந்தாக வேண்டும். குருவியைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி என்றே இதைச் சொல்வேன். இந்தத் தடவை பெயரும் முகவரியும் உள்ள குருவி.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது. 2020 மின்வணிக விதிகள், இங்கே அலுவலகம் இல்லாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். தாளில் குறை சொல்ல ஏதுமில்லை. திருநெல்வேலி மாவட்ட ஆணையம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சீனாவின் ஈவூவில் ஒரு வாடகைக் கிடங்கும், அடுத்த மாதம் பெயர் மாறப்போகும் ஒரு கணக்கும் மட்டுமே உள்ள ஒருவரிடமிருந்து 2,300 ரூபாயை யார் போய் வசூலிப்பது?

திருப்பி அனுப்பலாமே என்பார்கள். உள்நாட்டில் வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதனால் அது சுலபம் என்ற எண்ணம் நமக்கு. வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்புவது சட்டத்தின் மொழியில் ஏற்றுமதி. பழுதான பொருளைத் திருப்பி ஏற்றுமதி செய்தால் கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெற 26ஏ என்று ஒரு பிரிவு 2009 முதல் இருக்கிறது. சுங்கத்திலிருந்து பொருள் வெளியே வந்த 30 நாளுக்குள் அது நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். எந்தப் பொருள் வந்ததோ அதுவேதான் போகிறது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். பிறகு விண்ணப்பம். ஒரு பேனாவுக்காக இந்தக் காரியத்தைச் செய்து முடித்த ஒருவரைச் சந்தித்தால் அவருக்கு மாலை போட நான் தயார்.

ஏனென்றால் என் பேனா பழுதாகத்தான் வந்தது. மூடி திருகும் இடத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல், புகைப்படத்தில் தெரியாதது. விற்றவர் நல்ல மனிதர், வருத்தம் தெரிவித்தார். அனுப்பினால் பேனாவின் விலையைத் தருகிறேன், அனுப்பிய செலவைத் தர இயலாது என்றார். கணக்குப் போட்டேன். போன 1,000, திருப்பி அனுப்ப ஏறக்குறைய 2,000, கட்டிய வரி 4,636. இவ்வளவையும் விட்டுக்கொடுத்து 5,000 ரூபாயை மீட்பதா? அதற்குள் அவரே இன்னொரு வழி சொன்னார்: பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 1,500 யென் திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொண்டேன். இந்த வியாபாரத்தில் பெரும்பாலான தகராறுகள் இப்படித்தான் முடிகின்றன என்று பிறகு பல பேர் சொன்னார்கள்.

மை கசிந்து சுட்டுவிரல் நீலமாகிக்கொண்டே இருந்தது. பாரிமுனையில் பழைய பேனாக்களைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கழுத்தைத் திருகி, விரிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எந்த ஊர்ப் பேனா என்றுகூடக் கேட்கவில்லை. ‘ஒட்டித் தர்றேன் சார். ஆனா இங்கேயே மை ஊத்தி எழுதிப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்’ என்றார்.